பார்வை போகும் பக்கம்

"நட்டநடுவுல நின்னா படத்துல உயிரே இருக்காதுண்ணே," என்றார் அவசரத்துக்கு அழைத்துவரப்பட்ட கல்யாண ஃபோட்டோகிராஃபர். "மூணுல ஒரு பங்கு நீங்க, மிச்சம் காலியிடம். அதான் கணக்கு."

படத்துக்கு நின்றவர் பணிவாக ஓரமாய் நகர்ந்தார்.

"இப்ப வாசலைப் பாருங்க. கண்ணுல ஒரு ஏக்கம் தெரியுதே, அதை விட்டுடாதீங்க."

பிறகு வாசலில் நின்றவரிடம், "சார், இவர் கையில மின்னுறதைக் கழட்டிட்டு நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க. படத்துல விழறீங்க," என்றார்.

அவரும் கழட்டிவிட்டுத் தள்ளி நின்றார். ஃபிளாஷ் மின்னியது. உடனே வராந்தாவில் விசில் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் ஓடிவந்தார். வெறும் விலங்கோடு விழித்துக்கொண்டிருந்த ஏட்டை முறைத்துவிட்டு, கேமராவைப் பிடுங்கிப் பார்த்தார். படத்தில் திறந்த கதவு மட்டும் அழகாக இருந்தது.

"கைதி எங்கேய்யா?"

"சட்டத்துக்கு வெளியே போயிட்டார் சார்," என்றார் ஃபோட்டோகிராஃபர்.