அமைச்சர் கையால் ஓர் ஆணை

செவ்வாய்க்கிழமை ஆலையிலிருந்து நீக்கப்பட்ட தணிகைவேலை வெள்ளிக்கிழமை மேலாளர் போனில் கூப்பிட்டார்.

“யூனிஃபார்ம் இருக்குல்ல? போட்டுட்டு வாங்க. அமைச்சர் வேலைக்கு ஆர்டர் குடுக்குறாரு.”

“திரும்ப எடுத்துக்கிறீங்களா சார்?”

“போட்டோவுக்குத்தாங்க. வரலைன்னா எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கஷ்டம்.”

மேடையில் அமைச்சர் உறையை நீட்டினார். இருவரும் அதைப் பிடித்தபடி கேமராவைப் பார்த்தார்கள்.

“எந்த ஊருப்பா?”

“வந்தவாசிங்க ஐயா.”

உறைக்குள் ஒன்றுமில்லை. மறுபக்கம் இறங்கியதும் ஒருவர் அதை வாங்கிக்கொண்டார்.

“ஆள் பத்தல. திரும்பப் போய் வரிசையில நில்லுங்க.”

நின்றான். முறை வந்தது. அமைச்சர் அதே சிரிப்புடன் உறையை நீட்டினார்.

“எந்த ஊருப்பா?”

தணிகைவேல் கேமராவைப் பார்த்தபடி மனைவியின் ஊரைச் சொன்னான்.