பீஸ் கட்டை

"எவன்டா அது, என் ஷெட்டுப் பீஸ் கட்டையைப் பிடுங்கினது?"

முருகவேல் தெருவில் நின்று கத்தினார். முகம் மட்டும் பக்கத்து வீட்டைப் பார்த்து இருந்தது.

அந்த வீட்டுக் கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

"அங்க என்ன பார்வை? இதைப் பாருங்க" என்றாள் வித்யாலக்ஷ்மி.

வீடியோவில் ஒரு யானை இங்கிலீஷில் தன் பெயரைச் சொன்னது. பிள்ளைகளும் அவரவர் பெயரைச் சொன்னார்கள்.

அந்தத் தெருவுக்கு இன்டர்நெட் வந்த புதிது. கஜபதி வீட்டு மருமகள் வித்யாலக்ஷ்மி சாயந்தரமானால் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு இங்கிலீஷ் வீடியோ போட்டுக் காட்டினாள். எல்லாம் தறி ஓட்டுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். "காதுல விழுந்தாத்தான் வாயில வரும்" என்பாள்.

காதில்தான் விழவில்லை. ஒட்டினாற்போல முருகவேலின் பவர்லூம் ஷெட். தறி ஓடினால் யானை வாயசைப்பது மட்டும்தான் தெரியும்.

போய்க் கேட்டாள். "மாமா, சாயந்தரம் கொஞ்ச நேரம் தறியை நிறுத்த முடியுங்களா?"

"உன் கல்யாணப் பத்திரிகையை யாரோ ஒரு பொடியன்கிட்ட கொடுத்தனுப்பினாரு உன் மாமனாரு. நேர்ல வர கால் இல்ல. நான் இன்னும் மறக்கல. அந்த வீட்டுக்காக என் தறி நிக்காது. போம்மா."

பேத்தி அபியையும் வகுப்புக்கு விடவில்லை. போன ஜூனில் இங்கிலீஷ் ஸ்கூலில் பெயர் கேட்டபோது வாய் திறக்காமல் நின்று, இடம் கிடைக்காமல் திரும்பியவள் அவள். ஷெட்டுப் படியில் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

மறுநாள் சாயந்தரமே ஷெட்டு மெயின் போர்டிலிருந்த பீஸ் கட்டை காணாமல் போனது. கரண்ட் இல்லாமல் தறி நின்றது. வகுப்பு முடிந்தபின் பார்த்தால் கட்டை மதில்மேல் இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே.

"மொதலாளி, பஜார்ல வேற கட்டை வாங்கியாந்து போட்டுடறேன்" என்றான் தறி ஓட்டும் முனியன்.

"ஒண்ணும் வேணாம். அந்தத் திருடன் எத்தினி நாள் வரான்னு பாக்கறேன். நீ போய் டீ குடி."

தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. "அந்தப் பொண்ணு கேட்டுச்சு, இவரு மாட்டேன்னாரு, கட்டை போயிடுச்சு. வேற யாரு?"

கஜபதிக்குத் தாங்கவில்லை. "நம்ம வீட்டுக்குத் திருட்டுப் பட்டம் வேணாம்மா. நாளையிலருந்து கிளாஸ் கிடையாது."

"மலைக் கோயிலுக்கு வந்து சத்தியம் பண்றேன் மாமா. நான் எடுக்கல."

"எனக்குத் தெரியும்மா. தெருவுக்குத் தெரியணுமே."

மறுநாள் பிள்ளைகள் வந்தார்கள். பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

கொஞ்ச நேரத்தில் கேட் தடதடவென்று ஆடியது. முருகவேல். பின்னால் அவர் வேட்டியைப் பிடித்தபடி அபி. வித்யாலக்ஷ்மி கல்யாணத்துக்குப் பிறகு அவர் கை அந்தக் கேட்டில் படுவது அன்றுதான் முதல் தடவை.

"இன்னா, உங்க கம்ப்யூட்டர் பொட்டி இன்னிக்கி வாயே தொறக்கல?"

"கிளாஸை நிறுத்தியாச்சு" என்றார் கஜபதி. "நீ நல்லா தறி ஓட்டிக்கினு இரு."

"நிறுத்திட்டா? அப்போ நீங்கதான் எடுத்தீங்கன்னு ஒத்துக்கினா மாதிரி. கிளாஸ் நடக்கணும். அப்பதான் அவன் வருவான். கையும் களவுமா பிடிப்பேன்."

வித்யாலக்ஷ்மி ஷெட்டுப் பக்கம் காதைக் கொடுத்தாள். இன்று வகுப்பே இல்லை. ஆனாலும் தறி ஓடவில்லை.

"உன் பேர் என்னம்மா?" என்று அபியிடம் இங்கிலீஷில் கேட்டாள்.

"மை நேம் இஸ் அபி." அந்த யானை சொன்ன அதே ராகம்.

"யாரும் சொல்லித் தரல" என்றார் முருகவேல் வெடுக்கென்று. "படியில உக்காந்துகினு அதுவா கத்துக்கிச்சு."

"சரிங்க மாமா."

"நாளைக்கு சத்தத்தைக் கொஞ்சம் தூக்கி வை. அந்தத் திருடன் காதுல விழணுமில்ல?"

"ஆங், வைக்கறேன் மாமா."

கஜபதி பக்கம் திரும்பாமலே முருகவேல் பேத்தியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

நாலடி போவதற்குள் அபி நெளிந்தாள்.

"இறக்கி விடு தாத்தா. உன் பாக்கெட்ல இருக்கற பீஸ் கட்டை குத்துது."