வடை விற்காத இடைவேளை

முப்பது வருஷமாக மேடையிலும் டிவியிலும் குமுத் தாம்ளே வந்து நின்றாலே புனே சனம் சிரிக்கும். இன்று புது நாடகத்தின் அரங்கேற்றம். இடைவேளை விட்டதும் ஒப்பனை அறைக்குள் வந்து நாற்காலியில் விழுந்தாள்.

"பபன், யாராவது சிரிச்சாங்களா? ஒளிக்காம சொல்லு."

ஒப்பனைக்காரன் பபன் குரலைத் தாழ்த்தினான். "ஒருத்தர்கூடச் சிரிக்கலை அக்கா."

"நான் மேடைக்கு வந்தப்போ?"

"அப்பவும் இல்லை. விளக்கு போட்டும் வடை வாங்கக்கூட யாரும் எழுந்திருக்கலை. கேன்டீன்காரர் கத்திக்கிட்டு இருக்கார்."

குமுத் பெருமூச்சு விட்டாள்.

"பிழைச்சேன்டா. முதல்தடவையா அழுகை வேஷம். பிள்ளையைப் பறிகொடுத்தவளா வந்து நின்னாலும் பழக்கத்துல சிரிச்சுடுவாங்களோன்னு நேத்திலேருந்து தண்ணிகூட இறங்கலை. ஓடு, ரெண்டு வடை வாங்கிட்டு வா."