நாலாவது எலுமிச்சம்பழம்

ஷோரூமுக்குக் கார் எடுக்க வந்த கோமளவல்லியின் பையில், சக்கரங்களுக்கு அடியில் வைப்பதற்காக அம்மன் பாதத்தில் வைத்து வாங்கிய நாலு எலுமிச்சம்பழங்கள் இருந்தன. கார்தான் கிடைக்கவில்லை. ஆன்லைனில் பதிவு செய்தபோது காட்டிய விலை கூடிவிட்டதாம். கூடிய தொகையையும் கட்ட வேண்டும், ரத்து செய்தால் முன்பணமும் போய்விடும். பக்கவாதம் வந்த கணவரைச் சிகிச்சைக்கு அழைத்துப்போகத்தான் வளையல்களை விற்று அந்த முன்பணத்தைக் கட்டியிருந்தாள்.

"கம்ப்யூட்டர் காட்டற விலைம்மா, நான் என்ன செய்யட்டும்?" என்றார் மேனேஜர் இளம்பரிதி.

"அன்னிக்கும் கம்ப்யூட்டர்தானே காட்டிச்சு, தம்பி? அதுக்கு எத்தனை நாக்கு?"

அவர் திரையை மறுபடியும் பார்த்தார்.

வாசலில் வேறொரு குடும்பத்தின் புதுக் கார் மாலையோடு நின்றது. அவர்கள் கொண்டுவந்த பழங்களில் ஒன்று அழுகியிருந்தது. "மூணு சக்கரத்துக்கு மட்டும் வெச்சு எப்படிங்க எடுக்கறது?" என்று அந்த வீட்டுப் பெண் கலங்கினாள். கோமளவல்லியின் கை பையை இறுகப் பற்றியது. ஒன்றைக் கொடுத்தால், தன் காரைத் தானே வேண்டாமென்று சொன்னதுபோல் ஆகிவிடாதா? ஆனாலும் எழுந்துபோய், தன் பழம் ஒன்றை அந்தக் காரின் நாலாவது சக்கரத்தடியில் குனிந்து வைத்தாள். "நல்லபடியா போய்ட்டு வாங்க."

திரும்பி வந்தபோது இளம்பரிதி தன் மேலதிகாரியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "இல்ல சார், பழைய விலைக்கேதான் கேக்கறேன். லைன்லயே இருக்கேன்." பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளிடம் சொன்னார்: "மிச்சப் பழத்தைப் பத்திரமா வெச்சிருங்கம்மா. நாலாவதை நான் வாங்கித் தர்றேன்."