கேமராவைப் பார்க்காதீர்கள்

சுவரில் அம்மா நிமிர்ந்தாள்.

நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

புரொஜெக்டர் அருகே நின்ற மகளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்தப் பார்வைக்காகத்தான் அவளுடைய ஆவணப்படத்தைக் கல்லூரி விழாவில் திரையிட மறுத்தார்கள்.

"கேமராவைப் பாக்குறதையெல்லாம் வெட்டிரும்மா. மக்கள் வாழ்க்கைய இயல்பா காட்டணும். நாம அங்க இல்லாத மாதிரி இருக்கணும்," என்றார் துறைத் தலைவர்.

வெட்டினால் மிஞ்சுவது என்ன? குனிந்த முதுகும் விளக்குமாறும். அதைத்தான் இந்தத் தெரு தினமும் பார்க்கிறதே!

வெட்ட மாட்டேன் என்றுவிட்டாள். விழாவாவது, மண்ணாவது.

படத்தை அம்மா கூட்டும் தெருவுக்கே கொண்டு வந்துவிட்டாள். தெருச் சுத்தம் பற்றிய படம் என்றதும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மகிழ்ந்துபோய்த் தன் வீட்டுச் சுவரையே கொடுத்தார்.

படத்தின் தொடக்கத்தில் அம்மாவின் பெயர் வந்தது. இருளாயி.

"யாருப்பா அது?" என்று ஒரு குரல்.

தினமும் உங்கள் வாசலுக்கு வருகிறவள்தான்.

படத்தில் ஒரு கேட் திறந்தது. வளையல் போட்ட கை மட்டும் வெளியே வந்தது. குப்பைப் பை அம்மாவின் காலடியில் விழுந்தது.

அம்மா கேமராவைப் பார்த்தாள். கோபமில்லை. லேசாகச் சிரித்தாள்.

அடுத்த கேட். அடுத்த பை. மறுபடி அதே பார்வை.

நாற்காலிகள் நெளிந்தன. அவரவர் கேட்டின் நிறம் அவரவருக்குத் தெரியாதா என்ன?

படம் முடிந்தது. யாரும் கை தட்டவில்லை.

செயலாளர் அம்மா பக்கம் திரும்பினார். "ஏம்மா, அடிக்கடி கேமராவையே பாத்துக்கிட்டு இருந்தியே, ஏன்?"

கடைசி வரிசையில் அம்மா எழுந்தாள். கல்யாண வீடுகளுக்கு மட்டும் கட்டும் நீலப் பட்டுப் புடவை.

"அங்கன எம்புள்ள நிக்கிதுல்ல சார். வேற யாரப் பாக்க?"

மகளுக்குக் கண் நிறைந்தது. எந்த விழா தரும் இதை!

மறுநாள் காலை அம்மாவோடு அவளும் போனாள். கேமராவை எடுத்துப் போகவில்லை.

கேட் திறந்தது. வளையல் கை வந்தது. பின்னாலேயே ஒரு முகமும் எட்டிப் பார்த்தது.

முதலில் அது கேமராவைத் தேடியது. தெருவின் இந்தக் கோடி, அந்தக் கோடி.

கேமரா இல்லை.

பையைப் பிடித்தபடியே அந்த முகம் மெல்ல அம்மா பக்கம் திரும்பியது.

அம்மா ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தாள்.