உறை பிரிக்காத பட்டை

மாரியாயியின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினால் ஒட்டவே ஒட்டாது. ஓரத்தை நான் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இன்றும் நூற்று ஐம்பது காட்டியது.

திருவானைக்காவலில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். அடுப்படியில் நிற்க முடியவில்லை, தலை சுற்றுகிறது என்று இரண்டு மாதமாகச் சொல்கிறாள். பிரஷர்தான் காரணம் என்று டாக்டர் இரண்டு முறை மாத்திரையைக் கூட்டிவிட்டார். இன்று மூன்றாவது முறை கூட்டப்போகிறார்.

வேறு நாளாக இருந்தால் சீட்டை உள்ளே அனுப்பியிருப்பேன். இன்று ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்‌ஷன். பீரோவில் பூட்டிக்கிடந்ததெல்லாம் மேஜைக்கு வந்திருந்தது. பருத்த கைக்கென்று நாலு வருஷத்துக்கு முன் வாங்கிய அகலப் பட்டையும் வந்தது, உறைகூடப் பிரிக்காமல். புதுச் சாமான் அழுக்காகிவிடக் கூடாது, ஆபீசர் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். இங்கே அதுதான் சட்டம். சட்டத்தைக் காத்தவள் நான். பீரோச் சாவி என்னிடம்தான்.

வந்த ஆபீசரம்மா பொல்லாதவர். டேப்பை எடுத்து மாரியாயியின் கையை அளந்தார். அகலப் பட்டையைப் பிரித்துக் கட்டச் சொன்னார்.

முழங்கைக்கு இரண்டு விரல் மேலே கட்டினேன். நான் பிடிக்காமலே நின்றது.

நூற்றுப் பதினாறு.

"பருத்த கையில சின்னப் பட்டையக் கட்டினா கூடத்தானே காட்டும். இல்லாத பிரஷருக்கு மாத்திரையக் கூட்டிட்டே போனா தலை சுத்தாம என்ன செய்யும்? இது உங்களுக்குத் தெரியாதாம்மா?"

தெரியும். நர்சிங் படிப்பில் முதல் வருஷப் பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாத்திரையைக் குறைத்து எழுதினார். மாரியாயிக்கு எதுவும் புரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கைராசிங்க சிஸ்டர், பிரஷரே இறங்கிருச்சு."

அவள் கையிலிருந்து அகலப் பட்டையைக் கழற்றினேன்.

என் வீட்டுக்காரர் செபஸ்தியானுக்கும் இப்படித்தான் தடித்த கை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சின்னப் பட்டையைக் கட்டி நானே அளப்பேன். தலை சுற்றுகிறது என்பார். உப்பைக் குறைக்காமல் சாப்பிட்டால் சுற்றத்தான் செய்யும் என்று திட்டுவேன். டாக்டரிடம் சொல்லி மாத்திரையைக் கூட்டி வாங்கிவந்ததும் நான்தான்.

மாடிப்படியில் விழுந்தார். வருகிற சனிக்கிழமை இரண்டாம் வருஷ நினைவுப் பூசை.

படி ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

இன்று காலைவரை நானும் அதைத்தான் நம்பியிருந்தேன்.