விளக்கு சிவந்தால் வரி

துளசிமணி மேசை மேல் அந்தச் சின்ன விளக்கை வைத்துவிட்டுத்தான் திரையை இயக்கினாள். ஐரோப்பாவோடு போட்ட புதிய வர்த்தக ஒப்பந்தப்படி, பெண்கள் நடத்தும் நிறுவனத்தின் சரக்குக்குச் சுங்க வரி கிடையாது. ஆனால் பேரம் பேசி முடிவெடுப்பது அந்தப் பெண்ணாகவே இருக்க வேண்டும். அவளுக்காக வேறு யாராவது முடிவைச் சொன்னால் விளக்கு சிவக்கும். இரண்டாம் முறை சிவந்தால் சலுகை போய்விடும்.

டென்மார்க் வியாபாரி திரையில் வந்தார். கரூரிலிருந்து போகும் சமையலறை ஏப்ரன்களுக்கு விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

"அதுக்கென்னங்க, குறைச்சுக்கலாம்" என்றார் பக்கத்தில் இருந்த கணவர் தங்கமுத்து. பழக்கதோஷம்.

விளக்கு சிவந்தது.

தங்கமுத்து பதறிப்போய்த் தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். குறைத்துவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினார். துளசிமணி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"விலை அதுதானுங்க. துணியத் தொட்டுப் பாத்துட்டுத்தான கேக்கறீங்க?"

வியாபாரி யோசித்தார். தங்கமுத்து துண்டை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"சரி, அனுப்புங்கள்."

விளக்கு பச்சையாக எரிந்தது. துளசிமணி திரையை அணைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இனிப் பேசலாமுங்க மாமா."

சண்டைக்கு வருவார் என்றுதான் நினைத்தாள். அவரோ விளக்கைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துளசி, இத ஒரு நாளைக்கு என் பேருக்கு மாத்திக் குடேன். நாளைக்குச் சொத்துப் பாகம் பிரிக்கறாங்க. எனக்கும் சேத்து எங்கண்ணனே பேசிருவாரு."